ஒரு ரூபாய் அகலத்துக்குப் பெயிண்ட் இல்லை

இரண்டு வருடங்களுக்கு முன், ஆயுத பூஜை விடுமுறை முடிந்து தொழிற்சாலை திறந்த இரண்டாவது வாரத்தில் இது நடந்தது. இடம், ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை. பராமரிப்புப் பிரிவில் மின்னணுக் கருவிகள் எல்லாம் என் பொறுப்பு. இங்கே சேர்ந்து அப்போது இருபத்திரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. எனக்கு வயது நாற்பத்தெட்டு.

சேர்ந்த நாளிலிருந்து டைரி எழுதுகிறேன். எந்த இயந்திரம் எத்தனை மணிக்கு நின்றது, என்ன அளவு காட்டியது, நான் என்ன செய்தேன் என்பதுதான் அதில் இருக்கும். அளவுகளை நீல மையிலும் செய்த வேலையைக் கறுப்பு மையிலும் எழுதுவேன். தவறு நடந்தால் சிவப்பு. எங்கள் கல்யாண நாளில் என்ன எழுதியிருக்கிறேன் என்று என் கணவர் ஒருமுறை ஆசையாகப் புரட்டிப் பார்த்தார். கம்ப்ரஸருக்கு பெல்ட் மாற்றியதாக எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு அவர் அந்த டைரியைத் தொடுவதில்லை.

எங்கள் ஆலையில் ஒரு பேலன்சிங் இயந்திரம் இருக்கிறது. கார் சக்கரத்தைச் சுற்றவிட்டு எந்தப் பக்கம் எடை கூடுதல் என்று பார்ப்பார்களே, அதே வேலைதான். இங்கே சக்கரத்துக்குப் பதிலாக நாங்கள் தயாரிக்கும் சுழலும் பாகங்கள். அதற்கு மூளையாக இருப்பது முப்பது வருடங்களுக்கு முந்தைய ஒரு கம்ப்யூட்டர். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. இன்றைக்கும் ஃப்ளாப்பி போட்டால்தான் எழுந்திருக்கும். அதன் உள்ளே இருக்கும் ஒரு மின்னணு அட்டை புதிய கம்ப்யூட்டர் எதிலும் பொருந்தாது என்பதால், இயந்திரம் இருக்கும்வரை அதுவும் இருந்தாக வேண்டும். இயந்திரங்கள் ஓடும் எங்கள் ஷாப்பில் எல்லோரும் அதைப் 'பெருசு' என்றுதான் சொல்வார்கள்.

பெருசை இயக்குபவர் வல்லக்கோட்டையிலிருந்து வரும் ஒரு பெண். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே சத்தமாகப் பேசிக்கொண்டுதான் வருவார். பெருசு எப்போதாவது நின்றால், எத்தனை மணிக்கு நின்றது என்று ஒரு பழைய அட்டையில் சாக்பீஸால் எழுதி இயந்திரத்தின் பக்கவாட்டில் சாய்த்து வைப்பார். "எண்ணிக்க கொறஞ்சா என்னைத்தானே கேப்பானுங்க. பெருசையா கேக்கப் போறானுங்க?" என்பார்.

எங்கள் ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு பிரிவும் தன் இயந்திரம் ஒன்றைச் சுத்தம் செய்து, பெயிண்ட் அடித்து, பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி நிறுத்தும். எது சிறப்பாக இருக்கிறதோ அதற்குப் பரிசு. பல வருடங்களாக, தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்காரர்களே முதல் பரிசைத் தட்டிக்கொண்டு போனார்கள். அந்த வருடம் நான் பெருசை எடுத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் வேலை. மற்றவர்களைப் போல மேலோட்டமாக அடிக்கவில்லை. கழற்றக்கூடிய ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றி வரிசையாக அடுக்கி, பழைய பெயிண்டைச் சுரண்டி எடுத்து, போல்ட் உட்காரும் இடத்திலும் அடித்து, காயவைத்து, இரண்டாவது கோட் கொடுத்து, மறுபடி பூட்டினேன். கடல் பச்சை நிறம். போல்ட் தலைகளுக்கும் வாஷர்களுக்கும் அதே நிறம். பரிசு கொடுக்க வந்தவர் கைக்குட்டையால் ஒரு மூலையைத் துடைத்துப் பார்த்து, அதில் ஒன்றும் ஒட்டாததைக் கண்டு தலையை ஆட்டினார். முதல் பரிசு எங்களுக்கு. ஆளுக்கொரு ஹாட் பாக்ஸ். மாலை போட்ட பெருசுக்கு இரண்டு பக்கமும் நானும் அந்தப் பெண்ணும் நின்று எடுத்த புகைப்படம் நோட்டீஸ் போர்டில் ஒரு மாதம் இருந்தது.

அதே விடுமுறையில், அதே ஷாப்பில், இன்னொரு வேலையும் நடந்தது. பழைய சுவிட்ச் போர்டை மாற்றி, இயந்திரங்களுக்கு வரும் மின் இணைப்புகளைப் புதிதாக இழுத்தார்கள். இழுத்தவர் ஒரு எலக்ட்ரீஷியன். நெல்லைப் பக்கம். முப்பத்தைந்து வயதிருக்கும். ஆறு வருடங்களாக ஒப்பந்தத் தொழிலாளி. இருங்காட்டுக்கோட்டையில் ஒரே அறையில் ஆறு பேரோடு தங்கியிருந்தார். அந்த மாதம் நிரந்தரமாக்கப் போகிறவர்களின் பட்டியலில் அவர் பெயர் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஊரிலிருந்து மனைவியையும் மகளையும் அழைத்து வருவதற்காக மண்ணூரில் ஒரு வீடு பார்த்துவிட்டார். மகளுக்குப் பள்ளிக்கூடமும் பார்த்துவிட்டார். பட்டியல் தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டியதுதான் பாக்கி.

விடுமுறை முடிந்து ஆலை திறந்த முதல் நாள், பதினொன்று இருபதுக்குப் பெருசு தானாக நின்று, தானாக மறுபடி எழுந்தது. நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த நாள் இரண்டு முறை. இரண்டாவது வாரத்தில் ஒரு ஷிஃப்டுக்கு நான்கு, ஐந்து முறை. நின்றால் ஃப்ளாப்பியைப் படித்து எழுந்திருக்க ஏழு நிமிடம் ஆகும். பார்த்துக்கொண்டிருந்த பாகத்தை முதலிலிருந்து பார்க்க வேண்டும். ட்ரேக்கள் நிறைந்து தரையில் அடுக்க ஆரம்பித்தார்கள்.

"பெருசு மறுபடி படுத்துக்கிச்சு மேடம். பெயிண்ட் அடிச்சதுலேர்ந்து அதுக்கு ரொம்பத்தான் பவுசு" என்றார் அந்தப் பெண்.

நானும் சிரித்தேன். அவர் சொன்னதில் பாதி சரி என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

தானாக நின்று எழும் பழைய கம்ப்யூட்டர் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதன் பவர் சப்ளையைத்தான். சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை ஐந்து வோல்ட்டாகவும் பன்னிரண்டு வோல்ட்டாகவும் குறைத்துக் கொடுக்கும் தகரப் பெட்டி அது. சாதாரண மீட்டரை வைத்துப் பார்த்தேன். 5.02 காட்டியது. பழைய டைரிகளில் பத்து வருடங்களாக அதே எண்தான். ஆனால் மீட்டர் சராசரியைத்தான் சொல்லும். கண் இமைக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் ஒரு துள்ளல் வந்து போனால் அதற்குத் தெரியாது. அதைப் பார்க்க ஆசிலோஸ்கோப் வேண்டும். மின்னழுத்தம் ஏறி இறங்குவதைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் கருவி. அளவை அறையிலிருந்து அதைத் தள்ளுவண்டியில் வைத்து எடுத்து வந்தேன்.

அதற்கு இரண்டு முனைகள் உண்டு. ஒரு கிளிப், ஒரு ஊசி. கிளிப்பை பவர் சப்ளையின் பொதுக் கம்பியில் கவ்வ வைத்து, ஊசியை ஐந்து வோல்ட் கம்பியில் வைத்தேன். திரையில் நேர்க்கோடு வர வேண்டும். வந்தது முள்வேலி. ஒவ்வொரு முள்ளும் ஒரு வோல்ட்டுக்கு மேல் உயரம்.

கிடைத்தது காரணம் என்று நினைத்தேன். பவர் சப்ளையைத் திறந்து, மின்சாரத்தைச் சீராக்கும் வயதான கெப்பாசிட்டர்களை எல்லாம் மாற்றினேன். முள்வேலி அப்படியே இருந்தது. அலமாரியில் பத்திரமாக வைத்திருந்த மாற்று பவர் சப்ளையை எடுத்துப் பூட்டினேன். அதிலும் அதே முள்வேலி. புதன், வியாழன் இரண்டு நாளும் இப்படியே போயின.

இரண்டு பவர் சப்ளையிலும் ஒரே குறை இருக்க முடியாது. அப்படியானால் குறை வெளியே, அதற்கு வரும் மின்சாரத்தில் இருக்கிறது. மின் இணைப்பை மாற்றியவர் யார்? எப்போது மாற்றினார்? பெருசு எந்த நாளிலிருந்து நிற்கிறது? டைரியைப் பார்த்தேன். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. கச்சிதமாகப் பொருந்துவதில் எனக்கு எப்போதும் ஒரு மயக்கம் உண்டு.

எர்த்தைப் பார்க்காமலா விட்டேன் என்று கேட்பீர்கள். பார்த்தேன். சுவரோரம் வரும் செம்புப் பட்டை இயந்திரத்தின் காலில் ஒரு போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கிறது. உள்ளே இருக்கும் எதிலாவது மின்சாரம் கசிந்தாலும், வேண்டாத மின் இரைச்சல் வந்தாலும், அந்த வழியாகத்தான் மண்ணுக்குள் இறங்க வேண்டும். போல்ட் இருந்தது, இறுக்கமாக இருந்தது. "எர்த்: சரி" என்று நீல மையில் எழுதினேன். கண்ணால் பார்த்ததை அளவுக்கான நிறத்தில் எழுதியது இருபத்திரண்டு வருடங்களில் அது ஒருமுறைதான்.

வியாழன் மாலை மேனேஜர் அறிக்கை கேட்டார். பாகங்களைச் சோதிக்க வெளிக் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டுமா என்று வெள்ளிக்கிழமை மூன்று மணிக் கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தேன். கடைசி வரி இப்படி இருந்தது: "விடுமுறையில் செய்யப்பட்ட வயரிங் வேலையில் ஏற்பட்ட குறையே காரணமாக இருக்கக்கூடும்." பெயர் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. அந்த வேலையைச் செய்தவர் ஒருவர்தான்.

இந்த மாதிரி விஷயம் ஒரகடத்தில் டீ ஆறுவதற்குள் ஊர் சுற்றி வந்துவிடும். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பெருசின் பக்கத்தில் ஸ்கோப்பை மறுபடி மாட்டிக்கொண்டிருந்தேன். அந்த எலக்ட்ரீஷியன் வந்து நின்றார்.

"மேடம், நீங்க எழுதினத கேள்விப்பட்டேன்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். கோபமாக இல்லை. முகம் மட்டும் வெளுத்திருந்தது.

"தப்பு இருந்தா எழுதுங்க மேடம், நா வேண்டாம்னு சொல்லல. ஆனா எந்த வயரு, எந்த எடம்னு காட்டிட்டு எழுதுங்க. ஒவ்வொரு வயருக்கும் நம்பர் போட்டுத்தான் கழட்டுனேன், நம்பர் பாத்துத்தான் மாட்டுனேன். ஆறு வருசமா இங்கன கெடக்கேன். மண்ணூர்ல வீட்டுக்குச் சாவி வாங்கிட்டு வந்துருக்கேன். ஊர்ல அவங்க ரெண்டு பேரும் மூட்ட கட்டி ரெடியா இருக்காவ. 'இருக்கக்கூடும்'னு ஒரு வார்த்தையில போயிரும் மேடம் எல்லாம்."

எனக்குச் சுருக்கென்றது. 'இருக்கக்கூடும்' என்ற சொல்லை நான் என் டைரியில் எழுதுவதே இல்லை. எழுதினால் அளவு முழுமையாக இல்லை என்று பொருள். அறிக்கையில் மட்டும் எப்படி எழுதினேன்?

"வாங்க, காட்டறேன்" என்று ஸ்கோப்பைக் காட்டினேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில்கூட என்னை நிரூபித்துக்கொள்ளத்தான் காட்டினேன். திரையில் முள்வேலி. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அது அவருக்குப் புரியாது என்று எனக்குத் தெரியும்.

அப்போது அந்த இயக்கும் பெண் குறுக்கே வந்தார். "இன்னா மேடம், ரெண்டு பேரும் காலங்காத்தால மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு. நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. பேசாம உங்க டப்பாவ இங்கியே வுட்டுட்டுப் போங்க."

"ஏன்?"

"அத்த மாட்டிக்கினு இருந்தா பெருசு சாதுவா ஓடுது. நீங்க கயட்டிக்கினு போனா படுத்துக்குது. டாக்டரப் பாத்தா ஜொரம் வுட்டுப்பூடும்ல, அத்த மாரி கீது."

எலக்ட்ரீஷியன்கூடச் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய அட்டையை எடுத்தேன். என் டைரியை அதன் பக்கத்தில் விரித்தேன். ஸ்கோப்பை மாட்டிய நேரமும் கழற்றிய நேரமும் என்னிடம் நிமிடக் கணக்கில் இருந்தன. பெருசு படுத்த நேரங்கள் அவரிடம். புதன்கிழமை பத்து ஐந்துக்கு மாட்டி, பன்னிரண்டு நாற்பதுக்குக் கழற்றியிருந்தேன். அந்த இடைவெளியில் அவருடைய அட்டையில் ஒரு குறிப்பும் இல்லை. பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு ஒன்று. வியாழக்கிழமையும் இதே கதை. இரண்டு நாளில் ஒன்பது முறை படுத்திருக்கிறது. ஒருமுறைகூட ஸ்கோப் மாட்டியிருந்த நேரத்தில் இல்லை.

அளக்கும் கருவி நோயைக் காட்ட வேண்டும். இது நோயைக் குணப்படுத்திக்கொண்டிருந்தது.

டிப்ளமோ முதல் வருடத்தில் படித்தது நினைவுக்கு வந்தது. கடைக்காரர் எடை போடுவதற்கு முன் வெறும் தராசைத் தூக்கிக் காட்டுவாரே, அதைப் போல ஸ்கோப்பையும் சோதிக்க வேண்டும். ஊசியை எந்தக் கம்பியிலும் வைக்காமல், அதன் சொந்தக் கிளிப்பின் மேலேயே வைத்தால் திரையில் பூஜ்யம் வர வேண்டும். ஒரே இடத்தை அதே இடத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் எப்படி இருக்கும்? இந்த மூன்று நாளில் நான் அதைச் செய்யவே இல்லை.

ஊசியைக் கிளிப்பில் வைத்தேன்.

முள்வேலி அப்படியே இருந்தது. ஒரு முள்கூடக் குறையவில்லை.

அப்படியானால் நான் இவ்வளவு நாளும் பார்த்தது ஐந்து வோல்ட் கம்பியையே அல்ல. பவர் சப்ளை சுத்தம். வேறு எங்கிருந்தோ வரும் இரைச்சல் கிளிப் வழியாக ஸ்கோப்புக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஏன் ஸ்கோப்புக்குள் ஓட வேண்டும்? ஸ்கோப்பின் பிளக்கில் எர்த் இருக்கிறது. பெருசுக்கு மண்ணுக்குள் இறங்க வேறு வழி இல்லை. நான் கிளிப்பை மாட்டும்போதெல்லாம் அதற்கு ஒரு வழி கிடைத்தது. கழற்றியதும் அந்த வழி அடைபட்டது. பக்கத்து லைனின் பெரிய மோட்டார்கள் எழுப்பும் இரைச்சல் இறங்க இடமில்லாமல் கம்ப்யூட்டருக்குள் புகுந்து அதைச் சாய்த்தது.

மீட்டரை எடுத்தேன். ஒரு முனையைச் செம்புப் பட்டையில் வைத்தேன். மறுமுனையை இயந்திரத்தின் உள்பக்கம், பெயிண்ட் படாத ஒரு வெற்று இரும்பில் வைத்தேன். தொடர்பு இருந்தால் 'பீப்' என்று கத்தும். கத்தவில்லை.

எலக்ட்ரீஷியன் குனிந்து அந்த போல்ட்டைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கடல் பச்சை போல்ட், கடல் பச்சை வாஷர். அடியில் இரண்டு கோட் கடல் பச்சை. இரும்பும் செம்பும் தொட்டுக்கொள்ள வேண்டிய இடத்தில் அழகான, வழவழப்பான, முதல் பரிசு வாங்கிய பெயிண்ட்.

டைரியைப் பின்னால் புரட்டினேன். பூஜைக்கு முந்தைய நாள், கறுப்பு மையில், என் கையெழுத்தில்: "கால் போல்ட்டுகள் அனைத்தும் கழற்றி, உட்காரும் இடத்திலும் இரண்டு கோட். வாஷர்களின் இரு பக்கமும்."

அந்த நேரத்தில் இயக்கும் பெண் சாதாரணமாக ஒன்று சொன்னார். "அதான் மேடம், தொட்டா லேசா எறும்பு கடிக்கிற மாரி இருந்துச்சு. ரப்பர் ஷீட் மேலதானே நிக்கிறோம்னு வுட்டுட்டேன்." கம்ப்யூட்டர் நின்றுபோனதைத்தான் நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தோம். உள்ளே ஒரு கம்பி உரசியிருந்தால் அவர் கதி என்ன?

உடனே இயந்திரத்தை நிறுத்தினோம். போல்ட்டைக் கழற்றி, எமரி தாளால் ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு இரும்பு பளபளக்கும்வரை தேய்த்தேன். வாஷரையும் தேய்த்தேன். எலக்ட்ரீஷியன் இறுக்கினார். மீட்டர் கத்தியது. ஊசியைக் கிளிப்பில் வைத்தேன். திரையில் நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு. ஐந்து வோல்ட் கம்பியில் வைத்தேன். அங்கேயும் அதே நேர்க்கோடு. ஸ்கோப்பைக் கழற்றி, தள்ளுவண்டியோடு அளவை அறைக்கே அனுப்பிவிட்டேன். பத்து நாற்பதிலிருந்து இரண்டரை மணிவரை அந்த அட்டையில் யாரும் சாக்பீஸால் எழுதவில்லை. அதற்குள் புதிய வயரிங்கையும் நம்பர் நம்பராகச் சோதித்து முடித்தேன்.

எலக்ட்ரீஷியனிடம் மன்னிப்புக் கேட்டேன். ஷாப்பில் நாலு பேர் இருக்கும்போதே கேட்டேன். கேள்விப்பட்டதும் அவர்கள்தானே. அவர் சங்கடப்பட்டு, "விடுங்க மேடம். நீங்க பெயிண்ட் அடிக்கையில நானும் பக்கத்துல ஏணி மேல நின்னு பாத்தேம்லா. நல்லாருக்குன்னு நானுந்தான் சொன்னேன். எர்த் போல்ட்டுன்னு எனக்குத் தோணுச்சா?" என்றார்.

இரண்டரைக்கு மேனேஜர் அறைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர். எனக்கு உதவத்தான் நினைத்தார்.

"பிராப்ளம் முடிஞ்சிடுச்சில்ல மேடம், அது போதும். 'எர்த்தில் லூஸ் காண்டாக்ட், சரி செய்யப்பட்டது'ன்னு ஒரு வரி போட்டுடுங்க. யார் பேரும் வேணாம். உங்க சர்வீஸ்ல ஒரு ரிமார்க் கிடையாது. இத்தப் போயி எதுக்கு?"

ஒரு நிமிடம் அது நியாயமாகத்தான் தோன்றியது. யாருக்கும் கெடுதல் இல்லை போல இருந்தது. ஆனால் நேற்றைய என் அறிக்கை கோப்பில் இருக்கிறது. அதற்கு மேல் 'எர்த்தில் லூஸ் காண்டாக்ட்' என்று வைத்தால், படிப்பவர் என்ன நினைப்பார்? எர்த்தை லூஸாக விட்டது யார்? வயரிங் செய்தவர்தான். பெயர் இல்லாத அந்த ஒரு வரி நேராக அவர் வீட்டுக் கதவைப் போய்த் தட்டும்.

"இல்ல சார். காரணம் எழுதணும். நான் எழுதிக்கிட்டு வந்துட்டேன்" என்று தாளை நீட்டினேன்.

அதில் இப்படி இருந்தது: "ஆயுத பூஜைக்காக நான் இயந்திரத்துக்கு பெயிண்ட் அடித்தபோது, எர்த் போல்ட்டின் அடியிலும் அடித்துவிட்டேன். அதனால் எர்த் தொடர்பு அறுந்தது. பின்னர் எர்த்தைக் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு, அளக்காமல் 'சரி' என்று குறித்தேன். வியாழக்கிழமை அறிக்கையில் வயரிங் வேலையைப் பற்றி நான் எழுதிய வரி தவறு. புதிய வயரிங்கை இன்று முழுவதுமாகச் சோதித்தேன். அதில் ஒரு குறையும் இல்லை." கீழே என் பெயர், கையெழுத்து, நேரம்.

அவர் இரண்டு முறை படித்தார். "பரிச என்ன பண்றது? திருப்பி வாங்கணுமா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். "பெயிண்ட் என்னமோ நல்லாத்தான் இருக்கு."

மூன்று மணிக் கூட்டத்தில் அந்தத் தாளை நானே வாசித்தேன். என் பேரில் எழுத்துப்பூர்வமான எச்சரிக்கை ஒன்று வந்தது, இருபத்திரண்டு வருடங்களில் முதல்முறையாக. நிரந்தரப் பட்டியல் மாற்றமில்லாமல் போனது. அன்றைய டைரியில் நீலம், கறுப்பு, சிவப்பு மூன்று மையும் இருக்கின்றன. சிவப்பில்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். ஆனால் என்னிடம் இருக்கும் எல்லாப் பக்கங்களிலும் யாரிடமும் கூசாமல் காட்டக்கூடிய பக்கம் அதுதான். என் கணவரைக் கூப்பிட்டு நானே படித்துக் காட்டிய ஒரே பக்கமும் அதுதான். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "கம்ப்ரஸர் பெல்ட்டவிட இது நல்லாருக்கு" என்றார்.

போன வருட ஆயுத பூஜைக்குப் பெருசுக்கு மறுபடி பெயிண்ட் அடித்தோம். நான் பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே அந்த எலக்ட்ரீஷியன் வந்துவிட்டார். இப்போது அவர் நிரந்தரம். மகள் மண்ணூரில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். எர்த் போல்ட்டைச் சுற்றி வட்டமாக டேப்பை வெட்டி ஒட்டிவிட்டு, "இனி அடிங்க மேடம்" என்றார். அடித்து முடித்து டேப்பை உரித்தபோது, ஒரு ரூபாய் அகலத்துக்கு வெறும் இரும்பு பளபளத்தது.

பரிசு பார்க்க வந்தவர் புதியவர். எல்லாவற்றையும் மெச்சிவிட்டு அந்த இடத்தில் நின்றார். "ஏன் மேடம், இங்க மட்டும் பெயிண்ட் பத்தலையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் இயக்கும் பெண் முந்திக்கொண்டார். "அது பெருசோட மூக்குத்தி சார். அத்த மூடக் கூடாது."

மதிப்பெண் குறைந்தது. இரண்டாம் பரிசு. பிரஸ் ஷாப்காரர்கள் எங்களைப் பார்த்து விசில் அடித்தார்கள். எங்கள் மூவருக்கும் ஆளுக்கொரு டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள்.

முதல் பரிசாக வந்த ஹாட் பாக்ஸ் வீட்டுப் பரணில் இருக்கிறது. இரண்டாம் பரிசு டிபன் பாக்ஸில்தான் தினமும் சாப்பாடு கொண்டு போகிறேன். இப்போதும் ஸ்கோப்பில் ஓர் அளவு எடுப்பதற்கு முன், ஊசியை அதன் கிளிப்பிலேயே வைத்து, கோடு நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் டைரியைத் திறக்கிறேன். யாரைப் பற்றியாவது ஒரு வரி எழுத வேண்டி வந்தாலும் அதே போல முதலில் என்னைத்தான் சோதித்துப் பார்த்துக்கொள்கிறேன்.